ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குப் போன ரொட்டி

அம்மா வகுப்புக்கு வரும்போது கூடையோடு வந்தாள். மேலே சிவப்புக் கட்டம் போட்ட துணி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம், கார் முழுக்க வாசனை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். "ஒரு இடத்துக்குப் போனா வெறுங்கையோடவா போவாங்க?" என்றாள். அது யார் வீடும் இல்லை, கல்லூரி என்றேன். "காலேஜுன்னா பசிக்காதா?" என்றாள். எண்பத்திரண்டு வயது. அவளோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

நான் அந்தக் கல்லூரியில் மாணவி. இருபத்தாறு வருடம் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, ஐம்பத்தேழாவது வயதில் 'அமெரிக்கப் பெண்களின் வரலாறு' என்ற பாடத்தில் சேர்ந்திருந்தேன். கூடப் படிப்பவர்கள் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். இரண்டு பேர் என் பஸ்ஸில் ஏறி வளர்ந்தவர்கள். இப்போதும் என்னைப் பார்த்தால் தானாக வரிசையில் நின்றுவிடுகிறார்கள். ஆசிரியை ஹன்னா கெஸ்லருக்கு என் மகள் வயது இருக்கும். பாடத்தில் வரும் காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணை ஒவ்வொருவரும் அழைத்து வந்து, வகுப்பு முன்னால் பேட்டி எடுக்க வேண்டும், அதைப் பதிவு செய்து நூலகத்தில் வைப்போம் என்று அவள் சொன்னபோது, "எங்கம்மா சமஉரிமைத் திருத்தப் போராட்டம் நடந்த சமயத்துல ஸ்ப்ரிங்ஃபீல்டு சட்டமன்றத்துக்குப் போயிருக்காங்க" என்றேன். ஹன்னாவின் முகம் பூரித்துப் போயிற்று. அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பது எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அம்மாவை அழைக்கத் தயங்கியிருப்பாள்.

எனக்கு அம்மா அங்கே வரவேண்டும். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து, தான் செய்தது தப்பு என்று ஒரே ஒரு தடவை அவள் வாயால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்த வகுப்பிலேயே சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

விஷயம் இதுதான். ஆண், பெண் என்று சட்டம் வேறுபாடு பார்க்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தில் ஒரு வரி சேர்க்க எழுபதுகளில் பெரிய போராட்டம் நடந்தது. அதற்கு எங்கள் இல்லினாய் மாநிலச் சட்டமன்றமும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதபடி பார்த்துக்கொண்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. ஓட்டெடுப்பு வரும்போதெல்லாம் முதல்நாள் எங்கள் சமையலறை முழுக்க மாவாகக் கிடக்கும். ரொட்டி சுட்டு, ரிப்பன் கட்டி, ஜாம் பாட்டிலும் சேர்த்து எடுத்துக்கொண்டு சர்ச் பெண்களோடு தலைநகர் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குப் பஸ் ஏறுவாள். சட்டமன்ற வாசலில் நின்று உறுப்பினர்கள் கையில் கொடுப்பார்கள். வீட்டில் ரொட்டி சுடும் பெண்களை அப்படியே விட்டுவிடுங்கள், எங்களுக்கு உங்கள் சமத்துவம் வேண்டாம் என்பது அதற்குப் பொருள். எண்பத்திரண்டாம் வருடக் கோடையில் திருத்தம் தோற்றது. எண்பத்து மூன்றில் அப்பா மோலீன் என்ற ஊரில் இருந்த ஒருத்தியோடு போய்விட்டார். காசு ஒன்றும் அனுப்பவில்லை. அம்மா பன்றிக்கறித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பிகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்தி என்னை வரவழைத்துவிட்டார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

ஹன்னா எழுந்து நின்று, "நம்ம உரிமைக்காகச் சட்டமன்ற வாசல் வரைக்கும் போய்ப் போராடின வெர்னிடா ஹோல்கம்" என்று அறிமுகப்படுத்தினாள். பலமாகக் கைதட்டினார்கள். அவர்கள் தட்டி முடிக்கும்வரை அம்மா மரியாதையாகக் காத்திருந்தாள்.

"கண்ணு, நான் போனது நெசந்தான்" என்றாள். "ஆனா அதை வரவிடாம தடுக்கறதுக்குப் போனேன்."

ஹன்னா என்னைப் பார்த்தாள். நான் பதிவுக் கருவியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். முன்வரிசையில் ப்ரியானா என்று ஒரு பெண், என் பஸ்ஸில் வந்தவள்தான், சின்ன வயதிலேயே வாய் ஓயாது. "அப்ப நீங்க அந்தப் பக்கமா?" என்றாள்.

"அந்தப் பக்கந்தான். ரொட்டி சாப்பிடறியா?"

யாரோ சிரித்தார்கள். ஹன்னாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எரிச்சல். இப்படித்தான் இவள் எல்லோரையும் கைக்குள் போட்டுக்கொள்வாள்.

நான் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன். என்ன உடுத்திக்கொண்டு போனீர்கள், யார் பேசினார்கள், உறுப்பினர்கள் என்ன சொன்னார்கள். அம்மா தயங்காமல் பதில் சொன்னாள். இளஞ்சிவப்புக் கவுன். பேச்செல்லாம் தலைவிகள் பார்த்துக்கொள்வார்கள், இவர்கள் சிரித்தால் போதும். ரொட்டியை வாங்கிக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர் என்பார்கள். பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"கடைசி வருஷம் திருத்தம் வேணும்னு கேட்ட பொம்பளைங்க கொஞ்சம் பேர் உள்ள உக்காந்து பட்டினி கெடந்தாங்க" என்றாள். "வெள்ளை உடுப்பு. சுருண்டு போயிருந்தாங்க. நாங்க சூடு ஆறாத ரொட்டியோட அவங்களைத் தாண்டிப் போகணும். ஒருத்தி மட்டும் நிமிந்து பாத்தா. அவளுக்கு ஒண்ணு குடுத்துடலாமான்னு இருந்துச்சு. பட்டினி இருக்கறவகிட்ட எப்படி நீட்டறது? துணியை இழுத்து மூடிக்கிட்டு வந்துட்டேன்."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

ப்ரியானா கையைத் தூக்கிவிட்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே கேட்டாள். "புருஷன் பாத்துப்பார்னு நம்பித்தான போனீங்க? கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டாரா?"

"இல்ல. அடுத்த வருஷமே போயிட்டார்."

"அப்ப நீங்க ஏமாந்துட்டீங்க."

நான் சொல்ல நினைத்து நாற்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்த சொல். ஒரு இருபது வயதுக் குட்டி அதைச் சுலபமாகப் போட்டு உடைத்துவிட்டாள். அம்மா கூடைமேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"ஏமாறல கண்ணு. அவர் போயிடுவார்னு எனக்கு முன்னாடியே தெரியும். அந்த மோலீன்காரி விஷயம் எழுவத்தெட்டுலயே தெரியும். புருஷன் பொண்டாட்டி புள்ளைங்களுக்குச் சோறு போட்டாகணும்னு சட்டம் இருந்துச்சு. இவங்க புதுசா ஒண்ணு கொண்டாந்தா அதையும் எடுத்துடுவாங்கன்னு சர்ச்சுல சொன்னாங்க. மூணு புள்ளைங்க. ஒரு வேலையும் தெரியாது. அந்தச் சட்டம் ஒண்ணுதான் என் பக்கம் இருந்துச்சு, அதையும் விட்டா என்ன பண்றதுன்னு பயம். எனக்குத் தெரிஞ்சது ரொட்டி சுடறது. சுட்டு எடுத்துக்கிட்டுப் போனேன்."

"அந்தச் சட்டம் உங்களுக்கு உதவுச்சா?" என்றாள் ப்ரியானா.

"எங்க? வக்கீலுக்குக் குடுக்கக் காசு வேணாமா?"

ஹன்னா மெதுவாக, "வேணும்னா இந்த எடத்தைப் பதிவுலேருந்து எடுத்துடலாம்" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "பேரையும் சேத்துப் போடுங்க."

எழுபத்தெட்டில் எனக்குப் பதினான்கு வயது. அம்மா மேஜைமேல் மாவைப் போட்டு அடித்து அடித்துப் பிசைந்தது நினைவிருக்கிறது. அது பக்தி என்று நினைத்தேன். அப்பா தினமும் அந்த மேஜையில் உட்கார்ந்து வெண்ணெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருடம் ஒரு ஏமாளிமீது கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஏமாளி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, பயமாகத்தான் இருந்தது.

"மார்லா, கடைசிக் கேள்வி இருக்கே" என்றாள் ஹன்னா. திரும்பிப் பார்த்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்களா என்பதுதான் எல்லோரும் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி. நேரமாகிவிட்டது என்று சொல்லி நிறுத்தினேன். நேரம் ஆகவில்லை. பிள்ளைகள் கூடையைச் சூழ்ந்துகொண்டார்கள். ப்ரியானா இரண்டு துண்டு தின்றாள். வெண்ணெய் இல்லையா என்று வேறு கேட்டாள்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மக்காச்சோளம் ஏற்றிய சரக்கு ரயில்; அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் அது முடிவில்லாமல் போகும். காரை அணைத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு கேள்வியை முழுங்கிட்ட" என்றாள்.

"நேரமாயிடுச்சும்மா."

"பஸ் ஓட்டினவளுக்கு நேரம் தெரியாதா? நாப்பது வருஷமா அதை முழுங்கிக்கிட்டுத்தான் இருக்க. நீ படிப்பை விட்டுட்டுப் பெட்டியோட வந்து எறங்கின அன்னிக்கே கேப்பேன்னு பாத்தேன். நீ தம்பிங்களைக் குளிப்பாட்டப் போயிட்ட."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரயில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"இப்பக் கேளு" என்றாள்.

கடைசிப் பெட்டி போயிற்று. மணி நின்று, கேட் மேலே ஏறியது. அம்மா உடம்பை என் பக்கமாகத் திருப்பி, காலிக் கூடையின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற கார்க்காரர் ஒரு தடவை, தயங்கித் தயங்கி, ஹாரன் அடித்தார்.