முந்திக்கொண்ட ட்யூபா

அந்த நகராட்சி இசைக்குழுவின் ட்யூபாவில் இன்று ஊதிய சுரம் நாளைக்குத்தான் வெளியே வரும். மடியில் இருத்தியோ தோளில் மாட்டியோ வாசிக்க வேண்டிய அந்தப் பெரிய பித்தளைக் குழல், வாங்கிய மூச்சை வளைவு வளைவாக ஊறவைத்து, மறுநாள் அதே நேரத்தில் பிசிறில்லாமல் திருப்பிக் கொடுத்தது. அதை வாசித்தவள் குழுத்தலைவரின் அண்ணன் மகள். நிகழ்ச்சிக்கு முதல் நாளே ஊதி வைத்துவிட்டு, நிகழ்ச்சியன்று கன்னத்தை மட்டும் உப்பிக் காட்டியே பல ஆண்டுகளை ஓட்டிவிட்டாள். ஊராரும் அதைக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப்போல் பழகிக்கொண்டார்கள். சாவு மட்டும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லையே. ஓய்வுபெற்ற தபால்காரரின் இறுதி ஊர்வலத்தில் அவள் ஊதியது, மறுநாள் நகராட்சித் தலைவர் மகளின் திருமணத்தில், மணமக்கள் கைகோத்து நிற்கையில் ஒலித்தது.

"கல்யாண வீட்ல நின்னு ஒப்பாரி வைக்குதும்மா உன் ட்யூபா," என்றார் குழுத்தலைவர். "அடுத்தது பாலம் திறப்பு. அமைச்சர் என்னிக்கு வருவார்னு அவருக்கே தெரியாது. அன்னிக்கும் இப்படி ஆச்சு, அதைப் பழைய பித்தளைக்குப் போட்டுட்டு உன்னை ஜால்ராவுக்கு மாத்திடுவேன்."

"ஜால்ரா தட்ட உங்களுக்கு ஏற்கெனவே ஆள் நிறைய இருக்கு சித்தப்பா," என்றாள் அவள். குழுவில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தாம்.

வாத்தியத்தில் உதடு பதிக்கும் கிண்ணத்துக்கு மவுத்பீஸ் என்று பெயர். பெரிய வாத்தியத்துக்குப் பெரிய மவுத்பீஸ் என்பது அக்குழுவில் கௌரவப் பிரச்சினை. ஆகவே தொடக்கம் முதலே அந்த ட்யூபாவுக்கு, முட்டையை நிறுத்தி வைக்கலாம் போன்ற ஆழமான கிண்ணம் மாட்டப்பட்டிருந்தது. அந்தக் குழியில்தான் சுரம் படுத்துத் தூங்குகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ட்யூபாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி இசைக்கருவிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து, "உங்க வாய்க்கு எது வசதின்னு பாருங்க," என்றார். "என் வாய் கிடக்கட்டும். இதுக்கு எது பிடிக்குதுன்னு பாப்போம்," என்றாள். சற்றே ஆழம் குறைந்ததில் காலையில் ஊதியது, கடை பூட்டிய பிறகு, அடைத்த கதவுக்குள்ளிருந்து கேட்டது. மறுநாள், இன்னும் ஆழம் குறைந்ததில் ஊதியது ஊதிய கணமே ஒலித்தது. ஆனால் அது சளி பிடித்த பூனையின் குரல். கடைசியாக, ஒருவரும் வாங்காமல் கிடந்த ஆழமற்ற ஒன்றை மாட்டி அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, கடைக் கண்ணாடிகள் இதமாக அதிரும்படி உருண்டு திரண்ட சுரம் ஒன்று எழுந்தது.

"நீங்க இன்னும் ஊதவே இல்லையேம்மா."

"இதோ ஊதிடுறேன்," என்று, கேட்ட சுரத்தை ஒழுங்காக ஊதி முடித்தாள். "நேரத்துக்கு வர்ற பூனை வேணாம். இதைக் கட்டிக் கொடுங்க."

அமைச்சர் ஒருநாள் பாலத்தைத் திறக்கத் திடீரென்று வந்து இறங்கினார். குழுத்தலைவர் பாட்டை நடத்தும் கோலை உயர்த்துவதற்கு முன்பே ட்யூபா ஒலித்தது. அவள் பின்னாலேயே ஊதிக்கொண்டு போனாள். பாட்டு பாதி தாண்டியபோது ட்யூபா அடங்கிவிட்டது. முன்னால் இருந்த இசைத்தாளிலோ இன்னும் சுரங்கள் இருந்தன. ட்யூபா தன்னைக் கைவிட்டதா, தனக்குத் தெரியாத எதுவோ அதற்குத் தெரியுமா என்று ஒரு மூச்சளவு யோசித்தாள். பிறகு வாத்தியத்தை நம்பி வாயை எடுத்தாள். அந்நேரம் குழுத்தலைவரின் கோல் கை நழுவி ஆற்றில் விழுந்தது. குழு திக்குமுக்காடி நின்றது. அமைச்சரின் கத்தரிக்கோல் நாடாவின் மேல் அந்தரத்தில் நின்றது. அந்த மௌனத்தில் ட்யூபா மறுபடி எழுந்தது, அவள் ஊதினாள், மற்றவர்கள் அவளைப் பற்றிக்கொண்டு, கோல் இல்லாமலே பாட்டைக் கரை சேர்த்தார்கள்.

குழுத்தலைவர் அதன்பின் புதுக் கோல் வாங்கவில்லை. ட்யூபாவின் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையால் தொடங்குவார். இறுதி ஊர்வல அழைப்பு வரும் முன்பே அவள் வீட்டு மூலையில் ட்யூபா ஒலிக்கும் நாட்களும் உண்டு. அப்போது தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கும் அவள் கணவர் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "கேட்டாச்சு. நீ போய் ஊதிட்டு வா, டீ போட்டு வைக்கிறேன்."