உள்ளே உருகிய வளையம்

ரப்பர் வளையம் வெளியிலிருந்து பார்க்கப் புதிது போலவே இருந்தது. ஆர்டிஸ் அதைச் சமையலறை மேஜையில் வைத்து, ரொட்டி அறுக்கும் கத்தியால் குறுக்கே அறுத்தாள். மேலே இறுக்கமான கறுப்பு ரப்பர், ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் மட்டும் தார் போலக் குழைந்து கத்தியில் ஒட்டிக்கொண்டது. விரலில் எடுத்து மோந்து பார்த்தாள். கருகிய வாடை.

ஆகஸ்டில் ஒரு வளையம் இப்படிப் போனது. இப்போது, நவம்பர் தொடக்கத்தில், இது. அதற்கு முன் இதே அளவில் இதே ரப்பரில் செய்த வளையம் ஒன்பது வருஷம் ஓடியிருந்தது.

தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் படகு ஒன்றுதான். பெயர் நோரா எல். அதன் இன்ஜினிலிருந்து வரும் தண்டையும் கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கை வரைந்தவள் ஆர்டிஸ். அக்கரையில் உள்ள தொழிற்சாலையில் அவளுக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக இதுதான் வேலை. இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாகக் காகிதத்தில் போட்டுவிடலாம். படகில் அப்படி இருக்காது. இன்ஜின் சூடானால் கொஞ்சம் எழும்பும், அலையில் படகின் உடம்பு கொஞ்சம் வளையும். போதாததற்கு இன்ஜின் சீராகச் சுற்றுவதும் இல்லை. ஆறு சிலிண்டர்களுக்குள் எரிபொருள் மாற்றி மாற்றி வெடிப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டுக்கு மூன்று உதை விழும். கோணலையும் உதையையும் வாங்கிக்கொள்ளத்தான் நடுவில் ரப்பர் வளையம். அது இல்லையென்றால் எல்லாம் கியரின் பற்களுக்குப் போய்ச் சேரும்.

செத்த வளையத்தைப் பார்த்தால் எதனால் செத்தது என்று சொல்லிவிடலாம். தண்டுகள் கோணலாக இருந்தால் வெளி விளிம்பு வெடித்துக் கறுப்புத் தூள் கொட்டும். பாரம் தாங்காமல் போனால் சாய்வாகக் கிழியும். நடுவில் உருகினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். யாரோ அதை ஓயாமல் முறுக்கி முறுக்கி விட்டிருக்க வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் மடங்கும் இடம் சுடுகிறதல்லவா, அதே கதைதான். ரப்பரின் மேல்தோலைக் காற்று ஆற்றிவிடும். உள்ளே பிறந்த சூட்டுக்கு வெளியே வர வழி கிடையாது.

யார் முறுக்குகிறார்கள்? அதுதான் தெரியவில்லை. தண்டுகளின் நேர்கோட்டை அளந்தாயிற்று, சரியாக இருந்தது. ஆறு சிலிண்டரிலும் வெடிப்பு ஒரே அளவில் இருந்தது. முக்குளிப்பவரை இறக்கிப் பார்த்ததில் புரொப்பல்லரிலும் அடி எதுவும் இல்லை. தண்டில் முறுக்கை அளந்து கோடாக வரையும் கருவியைப் பொருத்தி அவளே மூன்று தடவை அக்கரையிலிருந்து தீவு வரை வந்தாள். படகு துறையைத் தொட்டதும் கருவியை நிறுத்திவிட்டு மற்றவர்களைப் போலவே இறங்கினாள். வந்த வழி முழுக்கக் கோடு குளத்துத் தண்ணீர் போல அமைதியாகக் கிடந்தது.

வளையத்தின் இரண்டு பாதிகளையும் செய்தித்தாளில் சுற்றினாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். வாடை போகவில்லை. அது அவளுக்கு ஒரு தொந்தரவாகவும் தோன்றவில்லை.

செப்டம்பரில் அவள் கணவன் வெர்லின் இறந்துபோனான். தீவுத் துறையைப் பார்த்த கீழ் அறையில்தான் கடைசி மாதங்களில் அவனுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். அழுகை வரும், வரும்போது தடுக்காதே என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. சாப்பாடு அட்டை மாதிரி இருந்தது. கடிகாரம் ஓடுவதும் குழாய் சொட்டுவதும் தூரத்து வீட்டில் நடப்பது போலக் கேட்டன. முன்பெல்லாம் படகு துறையில் வந்து நின்றால் வீட்டு ஜன்னல்கள் விர்ரென்று அதிரும், சாஸரில் ஸ்பூன் ஆடும். அதுவும் நின்று போயிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. மற்றதோடு சேர்ந்து அதுவும் தன் காதிலிருந்து போய்விட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை துறைக்குப் போனாள். நோரா எல் வழக்கம் போல மூக்கைக் கரையின் சாய்தளமான ரேம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அக்கரையைப் போல் இங்கே கயிறு கட்டும் பழக்கம் இல்லை. புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றவிட்டு, படகையே ரேம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு காரை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். எரிவாயு லாரிக்கோ பள்ளி வண்டிக்கோ காத்திருந்தால் அப்படியே ஒரு மணி நேரம்கூட நிற்கும். இன்ஜின் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஐனார் கடைசி வளையத்தை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்திருந்தார். பக்கத்தில் கேப்டன் டெல்மர்.

"மாட்டியாச்சு. இதுக்கு மேல கையில இல்ல," என்றார் ஐனார். அவள் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்தே சொன்னார்.

"புதுசு வார்க்க ஆறு வாரம் ஆகும்," என்றாள் ஆர்டிஸ்.

"ஆறு வாரத்துல ஏரி உறைஞ்சிரும்," என்றார் டெல்மர். "படகு திணறித்தான் போகும், பனி மேல வண்டியும் போகாது, அந்த ரெண்டுங்கெட்டான் நாளுல இது புட்டுக்கிச்சுன்னா நான் என்ன பண்றது? ஜோயல வாரத்துக்கு மூணு தடவ அக்கரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். முதுகுல தூக்கிட்டு நீந்தவா?"

"நீ நீந்துனா ஜோயல் அதுக்கு முன்னாடியே குதிச்சு தப்பிச்சிருவா," என்றார் ஐனார்.

"நீ வாய மூடுடா." டெல்மர் ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "உன்னக் கொற சொல்லலம்மா. உன் நிலைமை எனக்குப் புரியுது. ஆனா சனிக்கிழம வரைக்கும்தான். அதுக்குள்ள என்னன்னு தெரியலன்னா ரப்பரே வேணாம், இரும்பு வட்டு ஒண்ணு போட்டு முறுக்கிருவோம். ஐனார் வெட்டி வெச்சிருக்கான்."

"இரும்பு போட்டா கியர் பல்லு போயிரும், டெல்மர்."

"எப்போ போகும்?"

"சொல்ல முடியாது. ஜனவரில போகலாம்."

"ரப்பர் அதுக்கு முன்னாடியே போயிருமே!"

அவர் சொன்னது சரிதான். அதுகூட அவளை உறுத்தவில்லை. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக ஜோயல் காருக்குள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். ஆர்டிஸும் கையசைத்தாள். ஏதாவது உறைக்க வேண்டும் என்று தெரிந்தது. உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கை மறுபடி எடுத்தாள். ஊஞ்சலுக்கு அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்குத் தள்ளினால் ஒரு விரலே போதும், ஆள் உயரத்துக்கு ஆடும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு தள்ளியும் சும்மா கிடக்கும். நடுவில் ரப்பர் வைத்து இணைத்த தண்டுகளும் அப்படித்தான். இந்தப் படகில் அந்தத் தாளம் இன்ஜின் நிமிஷத்துக்கு ஐந்நூற்று இருபது சுற்று சுற்றும் இடத்தில் வருகிறது. வேண்டுமென்றே அவள்தான் அங்கே வைத்தாள். ஏனென்றால் முடுக்காமல் விட்டால் இன்ஜின் ஓடும் ஐட்லிங் வேகம் அறுநூற்று ஐம்பது. ரேம்பை அழுத்திக்கொண்டு நிற்பதும் அந்த வேகத்தில்தான். அதற்குக் கீழே இன்ஜினுக்கு வேலையே கிடையாது. ஸ்டார்ட் செய்யும்போது ஐந்நூற்று இருபதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். கணக்கில் தப்பில்லை. நான்காவது தடவையும் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெர்லினின் தங்கை மார்லிஸ் வந்தாள், சூடான பாத்திரத்தைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு.

"ஹாட்டிஷ். கறியப் போட்டு அடுப்புல வாட்டினது, உருளைக்கிழங்கு மேல மொறுமொறுன்னு இருக்கு. போன வாரம் குடுத்தத தின்னியா?"

"தின்னேன்."

"பொய். ஃப்ரீசர்ல கெடக்கு, நான் பாத்தாச்சு." மார்லிஸ் தானே அலமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்தாள். "இந்த ஊர்ல துக்கம் வந்தா பட்டினியால சாகறது இல்ல, ஹாட்டிஷால சாகறதுதான் அதிகம்னு எங்கண்ணன் சொல்லுவான்."

ஆர்டிஸ் காப்பி ஊற்றினாள். மார்லிஸ் தன் மகனின் நாய் பாதிரியாரைக் கடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே நோரா எல் துறையை நெருங்கி ரேம்பில் முட்டியது. புகைக் குழாயில் கறுப்பாக ஒரு குமிழி வந்தது. மார்லிஸ் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் சாஸரில் இருந்த ஸ்பூனை அழுத்திப் பிடித்தாள். அந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

கொஞ்ச நேரம் பிடித்தபடி இருந்தாள். பிறகு விரலை எடுத்து ஸ்பூனைப் பார்த்தாள்.

"என்னடி இது, உன் ஜன்னல் ஊமையாயிருச்சு?"

ஆர்டிஸ் நிமிர்ந்தாள். "உனக்கும் கேக்கலையா?"

"இருந்தாத்தானே கேக்கும்! முன்னல்லாம் பல்லு ஆடும் இங்க." மார்லிஸ் எழுந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். "ஒண்ணுமே இல்ல. வேற கண்ணாடி மாத்துனியா?"

"இல்ல."

"பின்ன?"

ஆர்டிஸும் போய்க் கையை வைத்தாள். கண்ணாடி சில்லென்று அசையாமல் இருந்தது. படகு ரேம்பை அழுத்திக்கொண்டு நின்றது, அதன் பின்னால் தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கும் ஒரு தாளம் உண்டு. முப்பது வருஷமாக அது அறுநூற்று ஐம்பதுக்கு ஆடியது. இப்போது ஆடவில்லை என்றால் அது தன் காதின் கோளாறு இல்லை. எதிரே நிற்கும் படகின் இன்ஜின் ஓடுவது அறுநூற்று ஐம்பதில் இல்லை.

"நாயி அப்புறம் என்ன பண்ணுச்சுன்னு கேக்க மாட்டியா?"

"வந்து கேக்கறேன்," என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

இன்ஜின் அறையில் ஐனார் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். ஆர்டிஸ் பையிலிருந்து வேகமானியை எடுத்து, சுற்றும் தண்டின் மேல் அதன் ஒளியைப் பிடித்தாள். ஐந்நூற்றுப் பதினெட்டு. ஐந்நூற்று இருபத்திரண்டு. அங்கேயே ஊசலாடியது. பக்கத்தில் கியர்பாக்ஸ் கடகடவென்று பல்லை நெரித்துக்கொண்டிருந்தது.

"ஐனார். ஐட்லிங்க யார் எறக்கினது?"

அவர் மெல்வதை நிறுத்தினார். பிறகு மெதுவாக விழுங்கினார்.

"டெல்மர் சொன்னானா?"

"யாரும் சொல்லல. மேல இருக்கற மீட்டர் என்ன காட்டுது?"

"அந்த முள்ளு எழுநூறுக்குக் கீழ தூங்கிரும். என்னிக்குமே அப்டித்தான்." சாண்ட்விச்சைத் தாளில் மடித்து வைத்தார். "ஜூன் மாசம் வெர்லினப் பாக்க வந்தேன்ல, அப்ப சொன்னான், ராத்திரி பூரா தூக்கம் இல்ல, பகல்ல கொஞ்சம் கண்ணசந்தா உன் படகு வந்து ஜன்னலப் புடிச்சு உலுக்குதுடா, ஏதாச்சும் பண்ணுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். டெல்மர் இங்க நின்னு ஐட்லிங் ஸ்குரூவத் திருகினான். நான் உங்க வீட்டு ஜன்னலுக்கு வெளிய போய் நின்னு பாத்தேன். கண்ணாடி அமைதியாகற வரைக்கும் எறக்கினோம். அவ்ளோதான்."

"எங்கிட்ட சொல்லல."

"இதப் போய் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

"சரி. அப்புறம் ஏன் திருப்பி வெக்கல?"

"எப்ப வெக்கறது, ஆர்டிஸ்? அடக்கம் முடிஞ்ச மறுநாளா?" அவர் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த ஸ்குரூல கை வெக்க ரெண்டு பேருக்குமே மனசு வரல. மெதுவா ஓடுனா ரப்பருக்கு நல்லதுதானேன்னு நெனச்சோம்."

"கியர் கடகடங்குதே, கேக்கலையா?"

"மெதுவா ஓடறப்ப எல்லாந்தான் கடகடங்கும்."

ஆர்டிஸ் தலையை ஆட்டினாள். அவர்கள் செய்தது துல்லியமான வேலை. இன்ஜினை ஜன்னலின் தாளத்திலிருந்து கச்சிதமாக விலக்கி, அவள் வைத்திருந்த தாளத்தின் நட்ட நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். ரேம்பில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் மூன்று மூன்று உதையாக அந்த வளையம் ஊஞ்சலாடியிருக்கிறது. எல்லோரும், அவளும் சேர்த்துத்தான், ஓடும்போது என்ன ஆகிறது என்று தேடினார்கள். நிற்கும்போது வெந்துகொண்டிருந்தது. அப்படி வெந்த நேரத்தில் வெர்லின் தூங்கியிருக்கிறான்.

இதைக் கேட்டால் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். கியர்பாக்ஸின் கடகடப்புதான் கேட்டது. அவ்வளவுதான்.

"இன்ஜின நிறுத்து," என்றாள். தண்டு நின்றதும் ஊசி வெப்பமானியை வளையத்துக்குள் செருகினாள். சூடுதான். ஆனால் இன்னும் ரப்பர்தான், கூழாகவில்லை.

ஐனார் பக்கத்தில் குந்தினார். "இன்னும் மெத்துன்னு இருக்கற ரப்பரா போட்டா இந்த வேகத்துலயே விட்ரலாம் இல்ல? உன் ஜன்னலும் அமைதியா இருக்கும்."

"போடலாம். ரப்பர் மெத்துன்னு இருந்தா தாளம் கீழ போயிரும். நானூறு பக்கம் வரும், அதத் தாண்டி நாம மேல நிக்கலாம். ஆனா வார்க்க ஆறு வாரம்."

"அப்ப?"

"ஸ்குரூவ ஏத்து."

"ஜன்னல் மறுபடி ஆடுமே."

"ஆடட்டும், ஐனார்."

அவர் ஸ்பேனரை எடுத்தார், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார், பிறகு இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து திருகினார். அவள் வேகமானியைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொன்னாள். ஐந்நூற்று அறுபது. அறுநூறு. கியர்பாக்ஸின் கடகடப்பு தேய்ந்து, ஒரே சீரான முனகலாக மாறியது. அறுநூற்று ஐம்பதில் அவர் பூட்டுநட்டை இறுக்கி, அதன் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார்.

மேலே டெல்மர் இரும்பு வட்டைக் கம்பித் தடுப்பில் சாய்த்து வைத்திருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். "நானே திருகினேன்," என்று மட்டும் சொன்னார். வட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை படகு நாள் முழுக்க ஓடியது, எரிவாயு லாரிக்காக ரேம்பில் நெடுநேரம் நின்றது. ஜோயல் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் வளையத்தின் நடுவில் ஊசியைச் செருகியபோது கை பொறுக்கும் சூடுதான் இருந்தது. சமையலறையில் கண்ணாடி விர்ரென்றது, ஸ்பூன் சாஸரில் ஆடியது. ஆர்டிஸ் அதைப் பிடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தொழிற்சாலைக்கு எழுதினாள்: அதே வளையம், அதே ரப்பர் போதும். ரேம்பை அழுத்திக்கொண்டு நிற்கும்போது இன்ஜின் அறுநூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது.