கோழிக்குழம்புக்கு ஓட்டு

இரவில் போன மின்சாரம் எப்போது திரும்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் மலர் பெரிய குளிர்பெட்டியைத் திறந்தபோது, முந்தின நாள் சமைத்த கோழிக்குழம்பின் மேல் நுரை கட்டியிருந்தது. புளித்த வாடை குப்பென்று வந்தது.

ராசம்மா கைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "போயிடுச்சு மலரு. நாய்கூட வாய் வைக்காது."

மலேசியாவின் குளுவாங் ஊரில் அந்தக் கேட்டரிங் கடையில் மொத்தமே நான்கு பேர். அன்றைய பகல் சாப்பாடு முதியோர் இல்லத்துக்கு. யாரோ ஒருவருடைய அறுபதாம் பிறந்தநாள் உபயம். அங்கே பாதிப் பேர் படுத்த படுக்கை. ஒருநாள் வயிற்றுப்போக்கைக்கூடத் தாங்காத உடம்புகள்.

முதலாளி சதாசிவம் போன மாதம் ஜோகூர் பாருவில் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அன்றிலிருந்து எதையும் தனியாக முடிவு செய்வதில்லை. எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார்.

"நம்ம டீம்ல எல்லாரும் ஒண்ணுதான். பயப்படாம சொல்லணும், சரியா?" கரண்டி நுனியை முதலில் தானே நாக்கில் வைத்துக்கொண்டார். "எனக்கு நல்லாத்தான் இருக்கு. கொதிக்க வச்சா சரியாயிடும். நீங்க சொல்லுங்க."

வண்டி ஓட்டும் சுகுமாறன் குழம்பை விட்டுவிட்டு முதலாளியின் முகத்தை ருசி பார்த்தான். "ஓக்கே லா, பாஸ்."

ராசம்மா கரண்டியை உதட்டில் படாமல் திருப்பிக் கொடுத்தாள். "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி."

மலர் அவளையே பார்த்தாள். ராசம்மா நிமிரவில்லை.

"கெட்டுப்போச்சு பாஸ். வயசானவங்க சாப்பிட்டா நேரா ஆஸ்பத்திரிதான்," என்றாள் மலர்.

"இதத்தான் எதிர்பார்த்தேன்." சதாசிவம் கைதட்டினார். "உன் கருத்த மதிக்கிறேன் மலர். ஆனா மூணு பேரு இந்தப் பக்கம். கொதிக்க வச்சு வண்டியில ஏத்துங்க. அதுக்கு முன்ன பசியாறிடலாம். ராசம்மா, நமக்கு முட்டை பொரிச்சிடு."

மலர் மூன்று தட்டுகளில் ரொட்டி வைத்து அதே குழம்பை ஊற்றினாள். "பசியாறுங்க. நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க."

எவர் கையும் நீளவில்லை. மலர் காத்திருந்தாள். ஒரு ஈ மூன்று தட்டுகளையும் சுற்றிவந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை அக்கா. நான் சைவம்," என்றான் சுகுமாறன்.

"வெள்ளி நாளைக்கு," என்றாள் மலர்.

அவன் தலையைச் சொறிந்தான். மலர் குழம்புப் பானையைப் பின்வாசலுக்கு இழுத்துப்போய்க் கால்வாயில் கவிழ்த்தாள்.

"அந்த முட்டைய வயசானவங்களுக்குப் பொரிச்சு அனுப்புங்க."

சதாசிவத்தின் முகம் கன்றிப்போனது. ஆனால் பயிற்சியில் சொன்னபடி குரலை உயர்த்தவில்லை. மற்ற இருவரின் பக்கம் திரும்பினார்.

"சரி. இவள வேலையில வச்சிக்கலாமா, வேணாமா? பயப்படாம சொல்லுங்க."

இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். மலர் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முடிவைக் கேட்க அவள் நிற்கவில்லை.