சிவப்பு வண்டியை விற்ற கதை

சொந்த வண்டியின் பிரேக்கைப் பிரிக்க டெய்லருக்கு அத்தனை பயம். பிரேக்கை நினைத்து அல்ல, பெட்ரோல் டாங்கை நினைத்து.

போன வருஷம் வரை அந்த வண்டி சிவப்பு. ஒரு மழை நாளில் முன் பிரேக்கின் பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்ள, பின்னால் இருந்த மனைவியோடு சேர்ந்து சாக்கடைக்குள் இறங்கினார் மனுஷன்.

"பிரேக் அமுங்குது அமுங்குதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!" என்று சேறு வழிய எழுந்தாள் அவள்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரோடு வழுக்கிடுச்சு" என்றார் இவர், சாக்கடைக்குள் நின்றுகொண்டே.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தன் முழங்கைக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டு தீர்ப்பும் சொன்னாள்: "அந்தச் சிவப்புப் பிசாசை வித்துடுங்க. இல்லைன்னா அதோடவே குடும்பம் நடத்துங்க."

விற்க மனசு வரவில்லை. ஒரு நாள் வண்டியை ஓட்டிப்போனவர், சில நாள் கழித்துக் கறுப்பு வண்டியோடு திரும்பினார். சீட்டுக்குப் புது உறை அவரே தைத்தது. பிரேக்குக்குப் புது ஆயில் மட்டும் ஊற்றி ஒப்பேற்றியிருந்தார். "பழசைத் தள்ளிவிட்டு இதை எடுத்தேன். ஒரே ஆள் ஓட்டின வண்டி" என்றார் வாய் கூசாமல். எந்த மருந்து எத்தனை மில்லி என்று தூக்கத்தில்கூடச் சொல்கிறவளுக்கு வண்டி நம்பர் மட்டும் என்றைக்கும் மண்டையில் ஏறியதில்லை. டெய்லர் தப்பித்தார். "இது எவ்வளவு சாதுவா போகுது பாருங்க!" என்று அவள் மெச்சும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இப்போது அந்தச் சாதுவின் பிரேக்கும் அமுங்க ஆரம்பித்திருந்தது.

"அந்தப் பிசாசு மாதிரியே இதுவும் பண்ணுதேங்க. எங்க அண்ணனைக் கூப்பிடவா?"

டெய்லர் அவசரமாக வேண்டாம் என்று கையசைத்தார். மச்சான் மெக்கானிக். அந்த இன்ஜினை எத்தனையோ முறை பிரித்தவன், பார்த்ததும் குட்டை உடைத்துவிடுவான். "சின்ன வேலைக்கு எதுக்கு அவரு? நானே பண்றேன்" என்றார்.

பிடியை அமுக்கினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கான ரப்பர் செட்டை விற்ற கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார்: "பிரேக் ஆயில் பெயிண்ட்ல பட்டா தோலை உரிச்சுடும். உடனே தண்ணி ஊத்திடணும்." டெய்லர் டாங்கை லைனிங் துணியால் போர்த்தினார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்.

"வண்டிக்கு ஆபரேஷனா?" என்று சிரித்த மனைவி, பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்க ஒரு சிரிஞ்சும் பஞ்சும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த வளையக் கிளிப்பை எடுத்ததும் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வெளியே வந்தன. பிஸ்டனில் இருந்த ரப்பர் கப்பின் விளிம்பு பிய்ந்து தொங்கியது. டெய்லர் அதை விரலில் வைத்துப் பார்த்தார். அவளைச் சாக்கடையில் தள்ளியது இதுதான். ரோடு பாவம், ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பழைய ரப்பரைக் காகிதத்தில் வைத்துவிட்டு, புதியதைப் புது ஆயிலில் நனைத்து, விளிம்பு ஸ்பிரிங் பக்கம் பார்க்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து உள்ளே தள்ளினார்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. கையில் வழிந்த ஆயிலைத் துடைக்க டாங்க் மேலிருந்த துணியை இழுத்தவர், அதைத் திரும்பப் போர்த்தவில்லை. கைப்பிடியில் புது ஆயில் ஊற்றியிருந்த டப்பாவின் மூடியையும் வைக்கவில்லை. ஸ்பேனரோடு சக்கரத்தடியில் உட்கார்ந்து, காற்று போகும் நிப்பிளைத் தளர்த்தி, "பிடியை மெதுவா அமுக்கு" என்றார் மனைவியிடம்.

மெதுவாக என்பது அவள் அகராதியில் கிடையாது. படக்கென்று அமுக்கினாள். டப்பாவிலிருந்து ஆயில் பீச்சியடித்து டாங்கில் விழுந்தது. துடைக்கக் கை நீட்டினாள்.

"பிடியை விடாதே! காத்து ஏறிடும்!" என்று கத்தினார். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் டாங்க் ஞாபகம் வந்து, "ஐயோ, தண்ணி!" என்றார்.

அதற்குள் அவள் ஒரு கையால் பிடியை அமுக்கியபடியே மறு கையால் பஞ்சை வைத்து அழுத்தித் துடைத்துவிட்டாள். மலிவான கறுப்பு பெயிண்ட் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் சிவப்பு பளபளத்தது.

டெய்லர் வாளியும் கையுமாக நின்றார். அசடு வழிந்தது.

அவள் காகிதத்திலிருந்த பிய்ந்த ரப்பரை எடுத்துப் பார்த்தாள். "அன்னைக்கு ரோடு வழுக்குச்சா?"

"இல்லம்மா. பிரேக் போயிருந்துச்சு. நீ சொன்னதுதான் சரி."

"இந்த வார்த்தைக்கு ஒரு வருஷமா? அன்னைக்கே சொல்லியிருந்தா பெயிண்டுக்கு வேலையே இல்ல." தண்ணீரை வாங்கி அவளே டாங்கில் ஊற்றினாள். "வேலையை முடிங்க."

பிடி கல்லாட்டம் நின்றதும் அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். அவர் பின்னால் ஏறினார். நேராக அதே சாக்கடைக்கு விட்டாள். டெய்லர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் வண்டி அசையாமல் நின்றது.

அவள் டாங்கின் சிவப்பைத் தட்டிக்கொடுத்தாள். "இது நல்லாத்தான் நிக்குது. அந்தக் கறுப்பு வண்டியை வித்துடுங்க."