டிம்ப்னா வீட்டு மரம் கோபித்துக்கொண்டு போனது

அக்டோபர் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு டிம்ப்னா குரோலியின் வீட்டுப் புல்வெளியில் நின்ற மரம், வேர்களை ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து உருவிக்கொண்டு, கேட்டைத் திறந்து வெளியே போய்விட்டது. போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போனது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, தென்மேற்குக் காற்று, எதிரே இருந்த அஞ்சலகத்தில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஏழு பேரும் பார்த்தார்கள், யாரும் வரிசையை விட்டு வரவில்லை. அஞ்சலகம் நடத்தும் அசம்ப்டா மட்டும் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு, "யாரோ என்னமோ சொல்லிட்டாங்க போல. நடையே சரியில்ல," என்றார்.

யார் சொன்னது என்பதில் ஊருக்கு ஐயமே இல்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, டிம்ப்னா தன் வீட்டிலேயே நடத்தும் விடுதியில் தங்கியிருந்த ஒரு டச்சுத் தம்பதி, வாசலில் நிற்பது எந்த வகைப் பனை என்று கேட்டார்கள். இருபத்தாறு வருடமாக அந்த விடுதிக்குப் பெயர் பனை இல்லம். கேட்டவர்களுக்கெல்லாம் டிம்ப்னா "பனைதான்" என்று சொல்லி வந்திருக்கிறார், கேட்டவர்களும் அதோடு விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரான பாலின்வாராவில் கடலைப் பார்த்த வீடு என்றால் வாசலில் இப்படி ஒன்று நிற்கும். கத்தி கத்தியாக இலை, உச்சியில் கொண்டை, அதற்குப் பெயர் பனை. ஆனால் டச்சுக்காரர்கள் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்தவர்கள், வகை தெரியாமல் ஊர் திரும்பமாட்டார்கள். டிம்ப்னா வேறு வழியில்லாமல் ஃபின்டன் டூமிக்கு ஆள் அனுப்பினார்.

ஃபின்டன் முப்பத்துநாலு வருடம் பால் பண்ணையில் பால் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லியே ஊரில் ஒருவரோடும் ஒட்டாமல் போனவர். ஓய்வுக்குப் பிறகு பனை வளர்க்கிறார். அவர் தோட்டத்தில் அசல் பனைகள் இருபத்துமூன்று, ஒவ்வொன்றின் கழுத்திலும் துத்தநாகத் தகட்டில் லத்தீன் பெயர். குளிர்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் கம்பளித்துணி சுற்றி நாடா கட்டிவிடுவார், பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகள் மாதிரி அவை வரிசையாக நிற்கும். அவர் டிம்ப்னாவின் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இலையை மடக்கிப் பார்த்தார், பட்டையைச் சுரண்டி முகர்ந்தார்.

"இது பனை இல்ல," என்றார். "கார்டிலைன். நியூசிலாந்துச் சரக்கு. பனை கிளை விடாது. எகிப்துப் பக்கம் ஒரு ஜாதி விடும், அதை விட்டுத்தள்ளு. இது மூணு கிளை விட்டுட்டு நிக்குது பாரு. நீ வெண்ணெய்ல வதக்கிப் போடுறியே அஸ்பாரகஸ், அதுக்குப் பங்காளி."

"கிளை விட்டா என்னய்யா தப்பு? உங்க சித்தப்பா ஒன்பது விட்டாரு, அவரை மனுஷன் இல்லன்னா சொன்னோம்?" என்றார் டிம்ப்னா.

டச்சுக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். டிம்ப்னா ஃபின்டனுக்கு பிஸ்கட் இல்லாமல் டீ கொடுத்தார். எங்கள் ஊரில் அது கடுமையான நடவடிக்கை.

மரம் மூன்று நாள் மனதில் வைத்துக் குமைந்துவிட்டுத்தான் கிளம்பியது என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒன்றரை மைல் தூரத்தைக் கடக்க அது நான்கு நாள் எடுத்துக்கொண்டது. முதல் நாள் பேருந்து நிறுத்தத்தில் தங்கியது. உயரம் பதினைந்து அடி என்பதால் கூரைக்குள் நுழைய முடியாமல் பக்கத்தில் நின்றது, பேருந்து ஓட்டுநர் மரியாதைக்கு ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். சார்ஜென்ட் மாலக்கி தன் பதிவேட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடக்க வேண்டும் என்ற சட்டத்தை மரம் ஓர் இடத்திலும் மீறவில்லை. ஊரில் பாதிப்பேர் தினமும் மீறுகிறார்கள் என்பதை அவர் எழுதவில்லை, வாயால் சொன்னார். நான்காம் நாள் பிற்பகல் மரம் ஃபின்டனின் தோட்டத்துக்குள் நுழைந்து, அசல் பனைகளின் வரிசையில் பன்னிரண்டாவதுக்கும் பதின்மூன்றாவதுக்கும் நடுவே போய் நின்றுகொண்டது.

நின்றதே தவிர, ஊன்றவில்லை. ஈரத்தரையில் கால் வைக்க விரும்பாதவர் நாற்காலியில் காலைத் தூக்கி மடித்துக்கொள்வதுபோல, வேர்களையெல்லாம் சுருட்டி அடியில் வைத்துக்கொண்டு புல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. ஃபின்டன் ஒழுங்குமுறை உள்ளவர் ஆகையால் முதல் வேலையாகத் தகடு அடித்து மாட்டினார். மறுநாள் தகடு அவருடைய தபால் பெட்டியில் கிடந்தது. மூன்று முறை மாட்டினார், மூன்று முறையும் தபால் பெட்டிக்கே திரும்பி வந்தது. மரம் உதிர்த்த இலைகள் புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு அதை முடக்கிப்போட்டன. அதைக்கூட அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நவம்பர் முதல் வாரத்தில், பக்கத்தில் நின்ற சீன விசிறிப்பனை, சேர்க்கை சரியில்லாமல், இரண்டு கிளை விட்டது. ஃபின்டன் பனை வளர்ப்போர் சங்கத்துக்குப் படத்துடன் கடிதம் எழுதினார். கண் பரிசோதனை செய்துகொள்ளும்படி அவர்கள் அன்போடு பதில் எழுதினார்கள்.

இதற்கிடையே டிம்ப்னா தினமும் மதியம் ஒன்றரை மைல் நடந்து வந்தார். கோணிகளை நனைத்து வேர்மேல் போர்த்துவார், காய்ந்த இலையைக் கிள்ளி எடுப்பார், கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். அவருக்கு இருந்த பயம் ஊருக்கெல்லாம் தெரியும். மண்ணுக்கு வெளியே இருக்கிற வேர் உறைபனி தாங்காது. எங்கள் கரையில் கடல் புண்ணியத்தில் உறைபனி வருடத்துக்கு ஓரிரு முறைதான், ஆனால் ஒரு முறை போதும். போன பெருங்குளிரில் பாதி ஊரின் மரங்கள் அடித்தண்டு கூழாகிச் சரிந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அவையெல்லாம் மண்ணில் இருந்த மரங்கள். டிசம்பர் பிறந்ததும் டிம்ப்னா சாப்பிடும்போதுகூட வானிலை அறிக்கையை ஓடவிட்டபடி இருந்தார்.

ஊர் ஃபின்டனை விட்டுவைக்கவில்லை. கசாப்புக் கடையில் அவருக்கு நேற்றைய சாசேஜ் கட்டிக் கொடுத்தார்கள். ஞாயிறு பூசையில் அவர் பெஞ்சில் அவர் மட்டும் இருந்தார், அடுத்த பெஞ்சில் பதினொரு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அசம்ப்டா அஞ்சல்தலையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை ஃபின்டன். பனைன்னு சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?"

"முப்பத்துநாலு வருஷம் பாலைப் பாலுன்னும் தண்ணியைத் தண்ணின்னும் சொன்னவன் நான்."

"அதான் உன் வீட்டுக்கு மரம் தவிர யாரும் வர்றதில்ல."

அவர் அஞ்சல்தலை வாங்காமலே போய்விட்டார். அந்தச் சொல் சுட்டிருக்க வேண்டும். ஆனால் அதைவிட வேறொன்றுதான் அவரை அரித்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஊரில் எல்லோரும் அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், டிம்ப்னா மட்டும் கேட்கவில்லை. கோணியை நனைத்துப் போர்த்திவிட்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் போனார். தன்மேல் அவ்வளவு கோபம் என்று ஃபின்டன் நினைத்தார்.

டிசம்பர் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, மாதா திருநாள். அன்றிரவு உறைபனி என்று வானொலி சொன்னது. மதியப் பூசை முடிந்து வந்த அறுபது பேர் ஃபின்டனின் வேலியோரம் கூடிவிட்டார்கள், அழைப்பு எதுவும் போகவில்லை. டிம்ப்னா வழக்கம்போலக் கோணியோடு உள்ளே இருந்தார். கதவைத் திறந்துகொண்டு ஃபின்டன் வந்தார், கல்யாணம் காட்சிக்குப் போடும் சூட்டில், கழுத்துப் பட்டியோடு. மரத்தின் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ பனை," என்றார்.

காற்றுகூட அடிக்கவில்லை. மரம் அசையவில்லை. கூட்டம் இன்னும் எதையோ எதிர்பார்ப்பதுபோல் தெரிந்ததால், "நல்ல பனை," என்று சேர்த்தார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. "விசிறிப்பனை," என்றார். பிறகு "பேரீச்சை" என்றார். மூக்கு நுனி சிவந்துவிட்டது. ஒருமுறை பொய் சொல்லத் தொடங்கியவருக்கு எங்கே நிறுத்துவது என்று பழக்கம் இல்லை. "நீ அரசப்பனை. கியூபாவுல ராஜா அரண்மனை வாசல்ல நிக்கற ஜாதி," என்றார். கியூபாவில் ராஜா கிடையாது என்று வேலியோரத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். மரம் ஒரே ஓர் இலையை உதிர்த்தது. அது அவர் தோளில் விழுந்தது, அவர் தட்டிவிடவும் இல்லை. அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

டிம்ப்னாவால் தாங்க முடியவில்லை. "போதும் விடுய்யா," என்றார். "அதுக்கு உன்மேல கோவமே இல்ல."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீ சொன்னதுக்கு அது போகல. மூணு நாளும் சும்மாதான் நின்னுச்சு. செவ்வாக்கிழமை காலைல நான் நர்சரிக்குப் போன் போட்டேன், ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு. நிஜப் பனையா ஒண்ணு அனுப்புங்கன்னேன். எங்க வைக்கப் போறீங்கன்னு கேட்டாங்க. இப்ப ஒண்ணு நிக்குது, அதை வெட்டிட்டு அங்கேயே வச்சுக்கறேன்னு சொன்னேன். போனை வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, கேட்டு கிட்ட நிக்குது." கோணியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். "இருபத்தாறு வருஷமா வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் பனை பனைன்னு காட்டினேனே, அத்தனை பேரும் மனசுக்குள்ள சிரிச்சிருப்பாங்களேன்னு வெக்கமாப் போச்சு. உங்களையெல்லாம் இவனைத் திட்ட விட்டுட்டு வாயை மூடிட்டு இருந்தேன். அது அதைவிட வெக்கம்."

பிறகு மரத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரல் எப்போதும் அடுப்பங்கரையில் இருந்து மாடிக்குக் கேட்கும். அன்று பக்கத்தில் நின்ற எங்களுக்கே சிரமப்பட்டுத்தான் கேட்டது. "உன்னைப் பாத்து நான் வெக்கப்பட்டிருக்கக் கூடாது. நீ என்னவா இருந்தா என்ன, அந்த வாசல் உன்னுது. ராத்திரி உறையப் போகுது. வீட்டுக்கு வா."

மரம் சுருட்டியிருந்த வேர்களைப் பிரித்துத் தரையில் வைத்தது. ஒன்று மரத்துப்போயிருந்தது போலும், இரண்டு தடவை உதறியது. போகும்போது நான்கு நாள் எடுத்துக்கொண்ட தூரத்தைத் திரும்பும்போது ஒன்றே கால் மணி நேரத்தில் கடந்தது. சார்ஜென்ட் மாலக்கி முன்னால் நடந்து வண்டிகளை நிறுத்தினார், டிம்ப்னா கோணியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தார். இருட்டுவதற்குள் மரம் தன் பழைய குழியில் இறங்கிவிட்டது. மண்ணைத் தள்ளி எல்லோரும் மிதித்துக் கொடுத்தோம். ஃபின்டன் தன் பனைகளுக்காக வாங்கி வைத்திருந்த கம்பளித்துணியைச் சுருளோடு கொண்டுவந்து, ஏணி போட்டு ஏறி, இலைகளை மேலே சேர்த்துக் கட்டி, மூன்று கொண்டைக்கும் தனித்தனியாகச் சுற்றினார். உன் பனைகள் என்ன ஆகும் என்று அசம்ப்டா கேட்டதற்கு, "அதுங்க சமாளிச்சுக்கும், அதுங்களுக்குப் படிப்பு இருக்கு," என்றார். அவர் வாழ்நாளில் செய்த முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான் என்பதில் ஊர் ஒருமனதாக இருக்கிறது. அன்றிரவு மைனஸ் மூன்று.

சங்கத்துக்கு அவரே கடிதம் எழுதி, இன்ன தேதியில் ஒரு கார்டிலைனை அறிந்தே அரசப்பனை என்று அழைத்தேன் என்று ஒப்புக்கொண்டார். காரணம் கேட்டு எழுதினார்கள், அவர் பதில் போடவில்லை. டிம்ப்னா மறுநாள் காலையிலேயே நர்சரிக்குப் போன் செய்து பனை வேண்டாம் என்றார், அது ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை லாரிக்காரர் ஓர் இளம் விசிறிப்பனையை இறக்கி வைத்துவிட்டு, திருப்பி எடுத்துப்போக உத்தரவு இல்லை என்று போய்விட்டார். டிம்ப்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய மரம் நான்கு நாள் அந்தப் பனையை மேலிருந்து கீழாகப் பார்த்தது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், மதில் பக்கமாக இரண்டு அடி நகர்ந்து, புதியதற்கு வெயில் விழும்படி இடம் விட்டு நின்றது. டிம்ப்னா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. ஃபின்டன் சனிக்கிழமைதோறும் டீ குடிக்க வருகிறார், தட்டில் மூன்று விதமாக பிஸ்கட் இருக்கிறது. கோடையில் விருந்தாளிகள் நோட்டுப் புத்தகத்தோடு புல்வெளியில் இறங்கினால் டிம்ப்னா அவரைத்தான் காட்டிவிடுகிறார். அவர் எழுந்து போய் சின்னதைத் தொட்டு, அதன் லத்தீன் பெயரையும் ஊரையும் எழுத்துக்கூட்டிச் சொல்வார். "அப்போ அது?" என்று அவர்கள் பெரியதைக் காட்டுவார்கள்.

"அது டிம்ப்னாவோடது," என்கிறார் ஃபின்டன். அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டு போகிறார்கள்.