திட்டத் தெரிந்த மொழி

போலீஸ், ஃபாதர், மூன்று பிஷப்புகள் எல்லாரும் கைவிட்ட ஒரு சண்டையை, நான் எழுதிய முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் தீர்த்துவைத்தது. ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. நான் மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டிருப்பார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பக்கத்து வீட்டு ஜெயபாலனும் இப்படித்தான் சிரித்தார். எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் என்று போய் நின்றால், தெர்மாமீட்டரே சொன்னாலும் நம்ப மாட்டார்.

நான் மரியநாதன், மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் நான் கொடி காட்டாமல் ஒரு ரயிலும் இந்த ஊரைத் தாண்டியதில்லை. மேகங்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும்.

விஷயம் என் மனைவி டொரத்தியிடமிருந்து ஆரம்பிக்கிறது. அக்டோபர், எங்களுக்குச் செபமாலை மாதம். கோயிலில் இருக்கும் மாதா சொரூபம் அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கல். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரரே மாதாவைக் கையில் ஏந்தி, பின்னால் எல்லாரும் பாடிக்கொண்டு வர, அடுத்த வீட்டுக்கு நடந்தே போய், அந்த வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். காரில் கொண்டுபோகக் கூடாது. வேறு ஆள் தூக்கக் கூடாது. எங்கள் ஊரில் இந்த வழக்கத்தை ஆரம்பித்தவளே டொரத்திதான். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று வருஷா வருஷம் வரிசை போடுகிறவளும் அவள்தான்.

அந்த வரிசை போடுவது ரயில் விடுவதைவிடக் கஷ்டம். ரயிலுக்கு ரயில் கோபம் கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகள் அடுத்தடுத்து வந்தால் தீர்ந்தது. போன வருஷம் யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் நாள் மாற்றிக் கேட்க, ஃபெலிசியா வீட்டுக்கு அடுத்து ஜாக்லின் வீடு வந்துவிட்டது. ஃபெலிசியாவின் தம்பி மனைவிதான் ஜாக்லின். ஒரு கல்யாணத்தில் படம் எடுக்கும்போது, “குடும்பத்தாளுங்க மட்டும் நில்லுங்க” என்று ஃபெலிசியா யாரையோ பார்த்துச் சொல்ல, தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஜாக்லின் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அப்படிப்பட்ட ஃபெலிசியா போன வருஷம் என்ன செய்தாள் தெரியுமா? மாதாவை ஜாக்லின் வீட்டு கேட் தூணில் வைத்து, மணியை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ஜாக்லின் குளித்துவிட்டு வரும்வரை மாதாவும் அந்த வீட்டு நாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபாதர் கோபக்காரர் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை இப்படி நடந்தா, மாதா இனிமே கோயில்லயே இருக்கட்டும், டொரத்தி. வீட்டுக்கு வீடு வேண்டாம்.”

அன்று டொரத்தி வீட்டுக்கு வந்து எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். சர்க்கரை போட்டு. டாக்டர் கூடாதென்ற சர்க்கரை! அவ்வளவு மனசு உடைந்திருந்தாள்.

இந்த வருஷம் செப்டம்பர் வந்ததும் பென்சிலை எடுத்து உட்கார்ந்தவள், அப்படியே வைத்துவிட்டாள். “எனக்குப் பயமா இருக்குங்க. நான் ஒரு தப்பு பண்ணா, இத்தனை வருஷம் நடந்தது அதோட முடிஞ்சிடும்.”

“நீ ஏன் போடணும்? கம்ப்யூட்டர் போடும்” என்றேன்.

“யாரு சொல்லி?”

“நான் சொல்லி.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. ஜெயபாலன் பார்வையில் அதுகூட இல்லை.

“யோவ் மரியா, வைஃபை பாஸ்வர்டையே என் பேத்திதானய்யா உனக்கு அடிச்சுக் கொடுத்துச்சு. நீ புரோகிராம் எழுதி, அந்த ரெண்டு பொம்பளைங்க சண்டை இல்லாம மாதா ஊரைச் சுத்திட்டா, நான் என் மீசையை எடுத்துடறேன்.”

“உனக்கு மீசையே கிடையாதே.”

“வளர்த்து எடுக்கறேன் லா.”

சரி, கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆனால் எந்த மொழியில்? கம்ப்யூட்டருக்கு ஒரே மொழிதான் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், உலகத்தில் மனிதர்களுக்கு இருப்பதைவிட அதற்கு அதிகம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் ஷான் போனில் சொன்னான்: “டாடி, பைத்தன் எடுங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு அதான் ஈஸி.” ஜொகூர் பாருவில் வெப்சைட் செய்து கொடுக்கும் என் அண்ணன் மகன் டாரில், “ஐயோ சித்தப்பா, ஜாவாஸ்கிரிப்ட் லா! வேற எதையும் இன்ஸ்டால்கூட பண்ண வேண்டாம்” என்றான். யூடியூபில் ஒரு பெரிய மீசைக்காரர், சி மொழி படிக்காதவன் புரோகிராமரே இல்லை என்று மேசையைக் குத்தினார். குத்திய குத்தில் என் வீட்டு மேசையில் இருந்த கண்ணாடி டம்ளர் ஆடியது.

மூவரும் அவரவர் மொழியின் அருமையைத்தான் சொன்னார்கள். அருமையை வைத்து எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது நான் ரயில்வேயில் கற்றது. எனக்கு எத்தனையோ மேலதிகாரிகள் வந்து போனார்கள். எல்லாரும் மாலை போட்ட அன்று நல்லவர்கள். நாம் தப்புச் செய்த அன்றுதான் ஆள் யாரென்று தெரியும். ஆகவே மூன்று மொழியிலும் வேண்டுமென்றே தப்புச் செய்து பார்ப்பது, எது எப்படித் திட்டுகிறதென்று பார்த்துப் பொறுக்குவது என்று தீர்மானித்தேன். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

முதலில் சி. ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டேன். திரை நிறையக் கத்தியது. அந்தப் பக்கம் தப்பு, இந்தப் பக்கம் தப்பு, உன் பாட்டன் முப்பாட்டன் தப்பு என்று. புள்ளியை வைத்துச் சரிசெய்துவிட்டு, வேறொரு தப்பை வைத்தேன். இந்தத் தடவை ஒரு வரியில் எதையோ முனகிவிட்டு மயக்கம் போட்டு விழுந்தது. ஏன் விழுந்தேன் என்று சொல்லவே இல்லை. பெக்கோக் ஸ்டேஷனில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார், அச்சு அசல் இதேதான்.

அடுத்து ஜாவாஸ்கிரிப்ட். எண் இரண்டை, எழுத்தைப் போல மேற்கோள் குறிக்குள் வைத்து, அதோடு மூன்றைக் கூட்டச் சொன்னேன். வேறு எவனாவது இருந்தால் தடுத்திருப்பான். இது கூச்சமே இல்லாமல் இருபத்து மூன்று என்றது. என்ன சொன்னாலும் ஆமா ஆமா என்று தலையாட்டிவிட்டு, காரியம் கெட்ட பிறகு, “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்கிற சொந்தக்காரர் எல்லார் வீட்டிலும் ஒருவர் உண்டு. எனக்கு வீட்டிலேயே இருக்கும்போது கம்ப்யூட்டரில் வேறு எதற்கு?

கடைசியாகப் பைத்தன். ஒரு பெயரை அரைகுறையாக எழுதினேன். அது என் வரிக்கு அடியில் அம்பு போட்டுக் காட்டி, ஆங்கிலத்தில் பக்குவமாகக் கேட்டது: நீங்கள் சொல்ல வந்தது இதுவா?

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் குரல் எனக்குத் தெரியும். வீடு முழுக்க மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கத்தும்போது, என் தலைமேலிருந்தே அதை எடுத்துக் கொடுத்து, “நீங்க தேடறது இதானா?” என்று கேட்கிற குரல். பிறகு வரியின் ஆரம்பத்தில் ஓர் இடைவெளி கூட விட்டுப் பார்த்தேன். உடனே பிடித்துக்கொண்டது. வாசலில் செருப்பு அரை அங்குலம் கோணலாக இருந்தால் உள்ளே விடாதவளோடு நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தவன் நான். எனக்கு இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா?

“டொரத்தி, முடிவு பண்ணிட்டேன்” என்றேன். “பைத்தன்தான்.”

“ஏன் அது?”

“உன்ன மாதிரியே திட்டுது.”

அவள் கரண்டியை ஓங்கினாள். ஆனால் சிரித்தாள். போன வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவில்லை. அதற்காகவே இன்னும் பத்து மொழி கற்கலாம் போலிருந்தது.

படித்தேன். எப்படிப் படித்தேன் என்றால், லாயாங் லாயாங்கில் மின்சாரம் போதாமல் பக்கத்து ஊர் குளுவாங்கிலிருந்து கடன் வாங்கினார்கள். பாடத்தில் ஓர் உதாரணப் புரோகிராம் இருந்தது. கல்யாண விருந்தில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று. அட, நமக்கு வேண்டியது இதுதானே! நாற்காலி இருந்த இடத்தில் வீட்டை வைத்தேன். டொரத்தி வெங்காயம் வெட்டிக்கொண்டே, எந்தெந்த வீட்டுக்கும் எந்தெந்த வீட்டுக்கும் ஆகாது என்று சொல்லச் சொல்ல, ஜோடி ஜோடியாக அடித்துச் சேர்த்தேன். ஓட்டினேன். ஒரு அம்பு இல்லை, ஒரு திட்டு இல்லை. அமைதியாக வரிசையைக் கொடுத்தது.

திட்டவில்லையென்றால் தப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன்; வரிசையைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கல்யாணம் செய்து வாழ்ந்தவன், ஒருத்தி பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று நினைத்தேன் பாருங்கள். என்னைப் போல ஒரு முட்டாளை ஜொகூர் மாநிலம் கண்டதில்லை.

டொரத்திக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, அவளிடம் காட்டாமல் நேரே ஃபாதருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் போனைத் திறந்து அப்படியே மைக்கில் வாசித்தார். நான் பாராட்டு வாங்க முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வாசிக்க வாசிக்க, கோயிலில் ஒவ்வொரு பெஞ்சாக மூச்சு நின்றது. ஊரில் ஆகாத வீடுகள் அத்தனையும் ஒட்டி ஒட்டி வந்தன. “ஃபெலிசியா வீடு. அடுத்து, ஜாக்லின் வீடு” என்றதும் மின்விசிறியே நின்றுவிட்டது. டொரத்தி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து புரோகிராமை ஷானுக்கு அனுப்பி, வீடியோ காலில் கூப்பிட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “டாடி, இந்த உதாரணம் பக்கத்துல பக்கத்துல உட்கார ஆசைப்படற ஆளுங்களுக்கு. கொடுக்கற ஜோடியைச் சேர்த்து வைக்கும். நீங்க சண்டைக்காரங்களைக் கொடுத்திருக்கீங்க!”

“அது ஏன்டா என்னைத் திட்டல?”

“எழுதினதுல தப்பு இருந்தா திட்டும். நினைச்சது தப்புன்னா அதுக்கு எப்படித் தெரியும்?”

டொரத்தி ஃபாதரிடம் ஓடினாள். அவர் பெருமூச்சு விட்டார். “எல்லார் முன்னாடியும் வாசிச்சாச்சு, டொரத்தி. இப்ப மாத்தினா, யாருக்காக மாத்தறோம்னு ஊருக்கே பேர் சொன்ன மாதிரி ஆயிடும். நடக்கறது நடக்கட்டும்.”

அக்டோபர் வந்தது. சின்னச் சண்டைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மாதாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். ஃபெலிசியா நாள் நெருங்க நெருங்க, டொரத்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னிடம் ஒரு சுடுசொல் இல்லை. திட்டு டொரத்தி, ஒரே ஒரு தடவை திட்டு என்று கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, “நீங்க வர வேண்டாம். உங்க முகத்தைப் பார்த்தா எனக்குச் செபம் வராது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. நோவா பார்த்திருந்தால் மறுபடியும் ஆணி வாங்கப் போயிருப்பார். தூரத்தில் கேட்ட பாட்டு அறுந்து போனது. அவ்வளவுதான், மாதா மறுபடி கேட் தூணில், எல்லாம் முடிந்தது என்று தலையில் கை வைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து ஜெயபாலன் வந்தார். ஃபெலிசியா வீட்டுக்கும் ஜாக்லின் வீட்டுக்கும் நடுவில்தான் அவர் மகள் வீடு. சாயங்காலம் அங்கேதான் இருப்பார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட என் வரவேற்பறையில் நின்றார்.

“என்னய்யா ஆச்சு?”

“துண்டு கொடு முதல்ல.”

கொடுத்தேன். துடைத்தார். காதுக்குள்ளெல்லாம் துடைத்தார். வேண்டுமென்றேதான் இழுத்தார்.

“அலமாக், சொல்லித் தொலையேன்!”

“நான் கார் போர்ச்சுல நின்னுக்கிட்டிருந்தேன். பாடிக்கிட்டு வந்தாங்க. மழை பிடிச்சதும் எல்லாம் ஓடி வந்து எங்க போர்ச்சுல ஒதுங்கிட்டாங்க. ஃபெலிசியாவால ஓட முடியல. கையில சாமி. வழுக்கிட்டா உடைஞ்சுடும். நடு ரோட்டுல, முந்தானையால சாமி தலையை மூடிக்கிட்டு, அடிமேல அடி வச்சு வருது. உன் வீட்டம்மா போர்ச்சுல நின்னு அழறாங்க.”

“அப்புறம்?”

“அந்தப் பக்கம் ஜாக்லின் கேட்டைத் திறந்துக்கிட்டு ஓடி வருது. வெறுங்கையோட. நான் என் குடையை நீட்டினேன். பிடுங்கிக்கிட்டு ஓடிப் போய் சாமிக்குப் பிடிச்சுது. சாமிக்கு மட்டும்தான். ஜாக்லின் தலையெல்லாம் மழையில. ரெண்டும் ஒண்ணும் பேசல. கொஞ்ச தூரம் அப்படியே நடந்தாங்க.”

“அவ்வளவுதானா?”

“இரு லா. அப்புறம் ஃபெலிசியா, ‘நீ நனையறியே, கிட்ட வா’ன்னுச்சு. ஜாக்லின், ‘நான் குடும்பத்தாள் இல்லையே அண்ணி’ன்னுச்சு. அழுதுக்கிட்டேதான். ‘அன்னிக்கு நான் சொன்னது மேடையில நின்ன கேக் கடைக்காரனைடி, பைத்தியம்!’னு ஃபெலிசியா கத்துச்சு. போர்ச்சுல நின்ன அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. ரெண்டும் ஒட்டிக்கிட்டு நடந்து போய், ஜாக்லின் வீட்டு வாசல்ல சாமியைக் கைமாத்தினாங்க. உன் வீட்டம்மா பாட ஆரம்பிச்சாங்க பாரு, மழைச் சத்தமே கேட்கல. ஃபாதர் அங்கேயே சொல்லிட்டாரு, அடுத்த வருஷமும் வரிசை போடறது டொரத்திதானாம்.”

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டேன். “ஆக, என் புரோகிராம்...”

“உன் புரோகிராம் தப்புய்யா. தப்பான புரோகிராம்.”

“தப்போ சரியோ, பூனையும் நாயுமா இருந்தவங்களைச் சேர்த்து நடக்க வச்சுதா இல்லையா? நடக்கவே நடக்காதுன்னு நீதானே சொன்ன? நடந்துச்சா, இல்லையா?”

ஜெயபாலன் துண்டைப் பிழிந்தார். ஜன்னலைப் பார்த்தார். மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

“நடந்துச்சு” என்றார். “என் கண்ணு முன்னாடி, என் குடைக்குக் கீழேயே நடந்துச்சு.”