விழுந்துடாத

மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தையே சந்தேகப்பட்டுப் பிழைப்பு நடத்துகிறவள் நான். அப்படிப்பட்டவளின் தங்கைக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்க வந்த ஆள், அவளைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

தங்கை நானூறு மீட்டர் தடை ஓட்டக்காரி. பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டும். போன வருஷம் எட்டாவது தடையில் இடறி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். காயம் ஆறிவிட்டது. ஆனால் எட்டாவது நெருங்கும்போது வேகம் தானாகக் குறைகிறது. சனிக்கிழமை தேர்வு ஓட்டம், அதில் தவறினால் அணியில் இடம் இல்லை. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் புது மனப்பயிற்சியாளர். நான் வைத்த பெயர் கண்மூடி மாஸ்டர்.

"மனசுக்குள்ளயே ஓடிப் பாக்கணும்க்கா. கால் தரையில படறது, மூச்சு, எல்லாம் நிஜமாத் தெரியணும்" என்றாள் தங்கை.

நன்றாகக் காதில் பூ சுற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவள் குளிக்கப் போனபோது பையைக் குடைந்தேன். ஒரு வாழைப்பழமும் ஸ்டாப்வாட்சும்தான் இருந்தன. மாத்திரை கிடைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், பெயரைப் படித்தே என்னவென்று சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பயிற்சி அறைக்கு வெளியே போய் நின்றேன். கதவு ஒருக்களித்திருந்தது. தங்கை பாயில் படுத்துக் கண்ணை மூடியிருந்தாள். கையிலிருந்த ஸ்டாப்வாட்சின் பட்டனை அமுக்கினாள், மனதுக்குள் ஓடினாள், முடிந்ததும் மறுபடி அமுக்கினாள். நிஜத்தில் அவள் அறுபது வினாடியில் ஓடி முடிப்பவள். மாஸ்டர் வாட்சை வாங்கிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு. மறுபடியும் நாப்பத்திரண்டு. எங்கம்மா நின்ன?"

"எட்டாவதுல."

"அங்க என்ன இருக்கு?"

"ஒரு குரல் கேக்குது சார்."

"யாரோடது?"

அவள் எழுந்து உட்கார்ந்து பாயின் நுனியைச் சுருட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாராக இருக்கும்? பக்கத்துத் தடத்தில் ஓடும் அந்த நெட்டைக்கொக்கா? பழைய பயிற்சியாளரா? இல்லை, இந்த ஆளே ஏதாவது ஓதி வைத்திருக்கிறாரா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"யாருடி அது? சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"நீதான்க்கா" என்றாள். "வளைவுகிட்ட நின்னு கத்துவியே, 'விழுந்துடாத'ன்னு. எனக்கு 'விழுந்து' வரைக்குந்தான் கேக்கும். 'டாத' வர்றதுக்குள்ள தடை வந்துடும்."

நான் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். "இது நீங்க சொல்லிக்குடுத்த வசனமா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் மேடம். சனிக்கிழமை வாங்க, அதே எடத்துல நில்லுங்க. என்ன நடக்கக் கூடாதோ அத விட்டுட்டு, நடக்க வேண்டியதச் சொல்லுங்க."

பழியை என் தலையில் கட்டித் தப்பிக்கப் பார்க்கிறாரோ என்றுதான் அன்றைக்கும் தோன்றியது. ஆனாலும் வார்த்தை தேடினேன். கடையில், "வெறும் வயித்துல போட்டுடாதீங்க", "பாதியில நிறுத்திடாதீங்க" என்கிறேன். வீட்டில், "மறந்துடாத", "நம்பிடாத", "ஏமாந்துடாத". அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான்தான். இத்தனை வருஷமும் இதைத்தான் அவள் காதில் ஓதியிருக்கிறேன் என்று உறைத்தபோது வெட்கமாக இருந்தது. கடைசியில் 'தாண்டு' என்ற ஒரு சொல்லைப் பிடித்தேன். மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று நூறு தடவை சொல்லிப் பழகினேன்.

சனிக்கிழமை வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாவதைத் தாண்டி வந்தாள். எனக்குத் தொண்டை வரை வந்தது பழைய சொல்தான். அதை விழுங்கிவிட்டு, "தாண்டு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். வேகம் துளியும் குறையாமல் தாண்டினாள். ஒன்பது, பத்து. இரண்டாவதாக வந்தாள். முதல் மூன்று பேருக்கு இடம் உண்டு.

மூச்சு வாங்கக் கம்பியோரம் வந்து நின்றாள்.

"கேட்டுச்சாடி? 'தாண்டு'ன்னு கத்துனேனே!"

"கத்துனியா?" என்று முழித்தாள். "எட்டாவதுல எனக்கு எதுவுமே கேக்கலக்கா. என் கால் சத்தம் மட்டுந்தான்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இனி அவள் ஓட நான் வேண்டியதில்லை. அதைவிட நல்ல சேதி அந்த வருஷம் எனக்கு வேறெதுவும் வரவில்லை.